ஃபாரின் சார் சைக்கிளை விட்டு இறங்கினார்

பெங்களூரில் சைக்கிள் வைத்திருந்தவர்களிலேயே மிகக் குறைவாக சைக்கிள் ஓட்டியவர் எங்கள் ஃபாரின் சார்தான். இதை எந்த மேடையில் ஏறிச் சொல்லவும் நான் தயார். வெயிலோ மழையோ, அவர் போன இடத்துக்கெல்லாம் சைக்கிளும் போனது. ஆனால் அவர் அதன் மேல் இருக்கமாட்டார், பக்கத்தில் நடந்துகொண்டிருப்பார். லிங்கராஜபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் முதல் மாதம் முழுக்க அது பஞ்சர் ஆன சைக்கிள் என்றே நினைத்திருந்தார். தினமும் காலையில், “சார், முக்குல ஒரு பஞ்சர் கடை இருக்குது, நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்பார். சாரும் தினமும் நன்றி சொல்லிவிட்டு வருவார்.

அவர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடம் தன் பெயரோடு ‘இன்டர்நேஷனல்’ என்று சேர்த்துக்கொண்டது. எங்கள் டிரஸ்டிக்குத் தூக்கம் போய்விட்டது. பிரின்சிபால் மேடத்தைக் கூப்பிட்டு, “நம்மளுக்கும் ஒரு ஃபாரின் டீச்சர் வேணும்” என்றார். சம்பளம் எவ்வளவு தரலாம் என்று மேடம் கேட்டார். போன வருடம் வேலையை விட்டுப் போன கணக்கு வாத்தியாரின் சம்பளத்தையே டிரஸ்டி சொன்னார். மேடம் லேசுப்பட்டவர் இல்லை. அந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், கடலையும் தாண்டி, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குள் வாசலில் பெரிய பேனர் கட்டியாகிவிட்டது, ‘இப்போது எங்களிடம் ஃபாரின் ஃபேகல்ட்டி’ என்று. முதல் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாக்கள்கூட லீவு போட்டுவிட்டு வந்தார்கள். நெற்றியில் திருநீறு, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா என்று உட்கார்ந்திருந்தவரைத் தாண்டித் தாண்டிப் பார்த்தார்கள்.

“ஃபாரின் டீச்சர் எங்க மிஸ்?” என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

“இவர்தான்.”

“இல்ல மிஸ், அந்த ஃபாரின் டீச்சர்.”

“இவரேதான்ங்க.”

“வணக்கம் அம்மா, இருங்கோ” என்றார் சார். அந்த அம்மா உட்கார்ந்தார். ஆனால் கூட்டம் முடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரஸ்டி கோபமாகக் கேட்டபோது மேடம் அலட்டிக்கொள்ளவில்லை. “பாஸ்போர்ட் ஃபாரின் சார். நீங்க குடுத்த பட்ஜெட்டுக்கு அவ்ளோதான் ஃபாரின் வரும்” என்றார். அன்று பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஃபாரின் சார். அதன்பிறகு அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலையை மேடம் என் தலையில் கட்டினார். “நீதானேம்மா ஜியாகரபி” என்றார். நான் ஜியாகரபி எடுப்பது உண்மை. அமேசான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் சொல்வேன். ஆனால் பெங்களூரில் எனக்குத் தெரிந்தது ஈஜிபுராவில் என் வீட்டிலிருந்து லிங்கராஜபுரம் வரைக்கும் ஸ்கூட்டரில் வருகிற அந்த ஒரு கோடு மட்டும்தான். கோட்டுக்கு இடதுபுறம் வலதுபுறம் என்ன இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது அவரே என்னைக் காப்பாற்றினார்.

“உங்களுக்கேன் கரைச்சல் டீச்சர். ஒரு சைக்கிள் இருந்தால் நான் ஊரை வடிவாச் சுத்திப் பாத்திடுவன்.”

சிவாஜிநகரில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். கேரியர், மணி, செயின் கவர் என்று சகல லட்சணங்களும் பொருந்திய கறுப்பு சைக்கிள். எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டேன். வரைபடத்தில் ஊரின் தெற்கு ஓரத்தைத் தொட்டுக் காட்டி, “முதல்ல இந்த ஹெப்பகோடி” என்றார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “தெரியாது, அதுதான் போறன்” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினார். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டு வாசலில் மணி அடித்தது. ஹெப்பகோடிக்குக் கிளம்பிய ஆள் ஈஜிபுராவைத்தான் எட்டியிருந்தார். நான் ஸ்கூட்டரில் அரைமணியில் வருகிற தூரம் அது.

“டயர் பஞ்சரா சார்?”

“இல்லை டீச்சர். கோயில்.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதில் அவருடைய அப்பா பழக்கிய பழக்கம். கோயிலைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். சாவு ஊர்வலம் போனால் இறங்க வேண்டும். படிப்பித்த வாத்தியாரையோ பள்ளிக்கூடத்து அதிபரையோ (பிரின்சிபாலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கண்டால் இறங்கி, அவர்கள் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். அவர் ஊரிலேயே இப்போது யாரும் இப்படிச் செய்வதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அங்கே வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு மாதா கோயில். இரண்டு தடவை இறங்கி ஏறினால் வேலை முடிந்தது.

நம் ஊர்ச் சங்கதி உங்களுக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் சுவர் முடிகிற இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வேளாங்கண்ணி மாதா, அவளைத் தாண்டினால் அரசமரத்தடியில் நாகர் கல், மரத்தின் நிழல் விழுகிற இடத்தில் பச்சைத் துணி போர்த்திய தர்கா. இறங்கியவர் ஏறுவதற்குள் அடுத்த சாமி வந்துவிடும். நடுவில் ஏதாவது ஒரு சந்து கிடைத்து, ஒரு காலைப் பெடலில் வைத்துத் தத்தித் தத்தி ஓடி அவர் சீட்டில் உட்காரும்போது எதிரே முனீஸ்வரர் அரிவாளோடு நிற்பார்.

“மனசுல கும்பிட்டுக்கிட்டு போயிடலாமே சார்” என்றேன்.

“மனசு எப்பவும் கும்பிடும் டீச்சர். கால்தான் இறங்கப் பஞ்சிப்படும்” என்றார். பஞ்சி என்றால் அவர்கள் ஊரில் சோம்பல்.

“அப்ப சைக்கிள வீட்ல வெச்சிட்டு நடந்தே வாங்க. நடக்குறவங்க இறங்க வேண்டியதில்ல. சீக்கிரமா வந்துடலாம்.”

“ஓம், கெதியா வந்திடலாம். ஆனா சைக்கிள் வைச்சிருக்கிறவன் ஏன் டீச்சர் நடக்கோணும்?” என்றார். நான் உள்ளே போய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

கோயில்களையாவது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவரைக் கவிழ்த்தது தமட்டை, பறைக்கு நம் பக்கத்துப் பெயர். அவர்கள் பக்கத்தில் பறை அடித்தால் அது செத்தவீடு. நம்மிடம் கல்யாணத்துக்கும் தமட்டைதான், தேருக்கும் தமட்டைதான், கவுன்சிலர் ஜெயித்தாலும் தமட்டைதான், சாவுக்கும் தமட்டைதான். ஒரு மாலையில் சந்துக்குள்ளிருந்து தமட்டைச் சத்தம் வந்தது. சார் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பூ ஜோடித்த ஒரு ஜீப் வந்தது. அதில் ஒரு இளைஞன் கழுத்து நிறைய மாலையோடு அசையாமல் உட்காரவைக்கப்பட்டிருந்தான். இவ்வளவு சின்ன வயதா என்று சாருக்கு நெஞ்சு உருகிவிட்டது. ஜீப்புக்கு முன்னால் நடந்துவந்த பையனின் அப்பாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ ஐயா. எல்லாருக்கும் ஒருநாள் இது வாறதுதான்.”

அந்த மனிதர் சாரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பின்னால் வந்துகொண்டிருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கரெக்டா சொன்னீங்க சார். நானும் இருபத்தஞ்சு வருஷமா தேத்திக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். சாரைக் கையோடு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பந்தியில் பாயசம் ஊற்றும்போதுதான் அது கல்யாணம் என்று சாருக்குத் தெரிந்தது.

மறுநாள் டீக்கடைக்காரர் அவருக்குப் பாடம் எடுத்தார். “சார், நம்ம ஊர்ல தமட்டை அடிச்சா ஜாலின்னு அர்த்தம். மூஞ்சிய தொங்கப் போடக் கூடாது.” சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே மறுபடி தமட்டை. முன்னால் நாலைந்து பேர் ஆடிக்கொண்டு வந்தார்கள். சார் இறங்கி, முகம் முழுக்கச் சிரிப்போடு இரண்டு கையையும் தூக்கி, “வாழ்த்துக்கள், எல்லாம் நல்லபடியா நடக்கோணும்” என்றார். அதற்குப் பிறகுதான் பின்னால் வந்த பாடை அவர் கண்ணில் பட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நின்றார். செத்தவரின் மூத்த மகன். சார் தூக்கிய கையைச் சட்டென்று இறக்கினார். அந்த மகனோ சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஆமா சார், எங்கப்பா நல்லா வாழ்ந்துட்டுதான் போனாரு. வாங்க, வந்து வழியனுப்பி வைங்க” என்றார். சார் சுடுகாடுவரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தார்.

அதன்பிறகு அவர் எடுத்த முடிவு கணக்கு வாத்தியார் ஒருவர்தான் எடுக்க முடியும். இந்த ஊரில் சத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே முகம் தயாரிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் ஸ்டாஃப் ரூம் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்தார். புருவம் துக்கத்துக்கு, உதட்டோரம் சந்தோஷத்துக்கு. கண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. இந்தி மிஸ் என் காதில், “பாவம்மா, பல்வலி போல. டாக்டர்கிட்ட கூட்டிட்டு போ” என்றார். ஆனால் அந்த முகம் கடைசியில் சரியாக வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், சாவு வீட்டுக்காரர்கள் தலையசைப்பார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. சார் அதற்குப் பிறகுதான் வந்துகொண்டிருந்தார். சீக்கிரம் கிளம்பிப் பார்த்தார். அது பூசை நேரமாகப் போய்விட்டது. பூசாரிகள் கையில் பொங்கல் வைத்தார்கள். வாங்கியதை நின்று சாப்பிடாமல் வர அவருக்குத் தெரியாது. ஒருநாள் மேடம் அவரைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் பக்தி இருக்குது. நானும் டெய்லி சர்ச்சுக்கு போறவதான். ஆனா ஃபர்ஸ்ட் பெல்லுக்கு முன்னாடி வந்துடுறேன்.”

“ஓம், அதிபர் அம்மா.”

“டிரஸ்டிக்கு ஏற்கெனவே உங்க மேல கண்ணு. இன்னும் ஒரே ஒரு நாள் லேட்டுன்னா அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் கிடையாது. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

சாரும் நானும் வெளியே வந்தோம். அவருடைய விசா அந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் ஊரும் போனது. “ஹெப்பகோடியை விடுங்கோ டீச்சர்” என்றார். “இந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையள். கணக்கெண்டால் அழுத பிள்ளையள் இப்பதான் சிரிக்குதுகள். பத்தாம் வகுப்புச் சோதனை எழுதுமட்டும் நான் நிக்கவேணும். பாதியிலை விட்டிட்டுப் போகேலாது.” எனக்குச் சுருக்கென்றது. அதுவரை இந்த மனிதர் எனக்கு ஒரு வேடிக்கைதான்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாமியே இல்லாத ஒரு வழியைத் தேடிப் புறப்பட்டார். கம்மனஹள்ளி, பானஸ்வாடி, ஹென்னூர் என்று நான் பெயர்ப்பலகையில் மட்டும் பார்த்த இடங்களில் எல்லாம் நுழைந்து வந்தார். திங்கட்கிழமை காலையில் ஸ்டாஃப் ரூமில் அறிக்கை வாசிப்பார். “அந்த றோட்டு நல்லது டீச்சர், ஒரேயொரு வைரவர்தான்” என்பார். அடுத்த வாரம், “அந்த வைரவருக்குப் பக்கத்திலை இப்ப ஐயப்பனும் வந்திட்டார்” என்பார். ஒரு அபார்ட்மென்ட்டின் சைக்கிள் சங்கத்தார், பளபள பனியனும் கியர் சைக்கிளுமாக இருந்தவர்கள், ஆள் வழியெல்லாம் தெரிந்தவராக இருக்கிறாரே என்று அவரை முன்னால் விட்டுப் பின்னால் போனார்கள். முதல் கோயிலில் சார் பிரேக் பிடித்தார். சங்கமே வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. அதோடு அந்த உறவு முடிந்தது.

கடைசியில் வழி கிடைத்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கிலோமீட்டர். சார் கண்டுபிடித்த வழி அதைப்போல ஆறு மடங்கு. வடக்கே போய், ரிங் ரோட்டைப் பிடித்து, ஊரைச் சுற்றி, ஃப்ளைஓவரில் ஏறி இறங்கி வர வேண்டும். “ஃப்ளைஓவருக்கு மேலை இன்னும் ஒருத்தரும் கோயில் கட்டேல்லை டீச்சர்” என்றார், ஊரையே வாங்கிவிட்ட மாதிரி. அந்த வழியில் அவர் ஒருநாள்கூட லேட் ஆகவில்லை. பெங்களூர் முதல்தடவையாக அவர் சைக்கிள் ஓட்டிப் பார்த்தது. ஒன்பதாம் வகுப்பு ஜன்னலில் நின்று, மணிக்கு முன்னால் அவர் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துக் கைதட்டியது.

பிறகு அந்த நாள் வந்தது. கான்ட்ராக்ட் முடிவு செய்வதற்காக டிரஸ்டியே காலை பிரேயருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. கார், பஸ், ஆட்டோ எல்லாம் அப்படியே நின்றன. என் ஸ்கூட்டரும் அங்கேதான் மாட்டியிருந்தது. தூறல் வேறு. எனக்கு ஒரு வண்டி முன்னால் பிரின்சிபால் மேடத்தின் வெள்ளைக் காரைப் பார்த்தேன். அப்போது ஓரமாக, ஒரு சைக்கிள் மட்டும் நுழைகிற இடைவெளியில், மணி அடித்துக்கொண்டு ஃபாரின் சார் வந்தார். அந்தக் கூட்டத்தில் நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையைக்கூட ஆட்டினேன்.

சார் வெள்ளைக் காரைப் பார்த்தார். உள்ளே இருந்தவரைப் பார்த்தார். சைக்கிளை விட்டு இறங்கினார்.

“வேணாம் சார், போங்க” என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டு, கார் கடந்து போவதற்காக நேராக நின்றார். கார் எங்கே போவது. நாங்கள் எல்லோருமே நின்றுகொண்டுதான் இருந்தோம். மேடம் கண்ணாடியை இறக்கினார்.

“என்ன சார், ஏன் நின்னுட்டீங்க? போங்க.”

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ அதிபர் அம்மா.”

“நான் எங்க போறது? லாரி நிக்குது, தெரியல?”

“பிரச்சினை இல்லை. நான் நிக்கிறன்.”

“சார், இன்னிக்கு லேட்டுன்னா வேலை போயிடும். நான் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“ஓம்” என்றார் சார். நகரவில்லை. தலையில் தூறல் இறங்கி, திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மறுபடி இறக்கிப் பார்த்தார். அவர் அப்படியே நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மழையில் நின்று ஒரு மனிதர் தன் வேலையைத் தானே தொலைத்துக்கொண்டிருந்தார், அதுவும் மரியாதையாக.

அப்போது காரின் கதவு திறந்தது. காரை டிரைவரிடம் விட்டுவிட்டு மேடம் குடையோடு இறங்கினார். “சரி, நான் முன்னாடி நடக்குறேன். நீங்க பின்னாடி வாங்க. போதுமா?” என்றார். நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே மேடம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தார். ஃப்ளைஓவரை விட்டு இறங்கியதும் மேடம் ஒரு குறுக்குச் சந்தில் திரும்பினார், கோயில்கள் தொடங்கிவிட்டன. அதற்கெல்லாம் தனியாக இறங்க வேண்டிய வேலை இல்லாமல் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது டிரஸ்டி வராந்தாவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். “என்ன மேடம், நம்ம ஃபாரின் சார் இன்னிக்கும் லேட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடம் குடையை மடக்கினார். “அவர் லேட் இல்ல சார். நான் லேட். அவர் என் பின்னாடி வந்தார்” என்றார். டிரஸ்டி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். கான்ட்ராக்ட் கையெழுத்தானது. அன்று சாயங்காலம் மேடம் என்னிடம் சொன்னார்: “முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன்மா. ஹாரன் அடிச்சு என்னை ஓரங்கட்டின டீச்சருங்க நெறைய. எனக்காக எறங்கி நின்னவர் இவர் ஒருத்தர்தான்.” சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஸ்கூட்டரில் மேடத்தை ஓரங்கட்டியவர்களில் நானும் ஒருத்திதான்.

அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்தார்கள். கணக்கில் ஒருவர்கூடக் கோட்டை விடவில்லை. ஊரில் அவருடைய மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். சார் கிளம்புவதாகச் சொன்னார். ஹெப்பகோடிக்கு அவர் கடைசிவரை போய்ச் சேரவே இல்லை.

கடைசி நாள் காலையில் பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் தமட்டைக்காரர்களை அழைத்து வந்துவிட்டார்கள். சார் அன்று பழைய குறுக்குவழியில்தான் வந்தார், எல்லா சாமிகளிடமும் சொல்லிக்கொண்டு. தெருமுனையில் திரும்பியதும் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். பயிற்சி செய்த அந்த முகத்தை வைத்துக்கொண்டு, ஊர்வலம் கடந்து போகட்டும் என்று நின்றார். ஊர்வலம் அவர் முன்னால் வந்து நின்றுவிட்டது. அவர் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். யாரும் போகவில்லை. சைக்கிளில் வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் இறங்கி நின்றார்கள். மேடமும் நின்றார். நான் சாருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

சார் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “டீச்சர், இது சந்தோஷமோ, துக்கமோ?”

“ரெண்டும்தான் சார்.”

“அப்ப இந்த முகம் சரிதானே?”

“சரிதான் சார்” என்றேன். நானும் அதே முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகாமல் அது வராது போலிருக்கிறது. நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.